இரண்டாவது கட்டில்

மலாக்காவில் அவள் என் ஒன்றுவிட்ட தங்கை.
கேமரன் மலையில் உடன் வேலை செய்பவள்.
ஈப்போவில் ஒருமுறை, கௌண்டர்க்காரர் பார்த்த பார்வையில்
நாத்தனார் என்று உளறிவிட்டேன்.
எந்த அண்ணன், எப்போது கல்யாணம் என்று
அன்றிரவு முழுக்கச் சிரித்தாள் சுகுணவதி,
சுவர் மெல்லியது என்பதால்
தலையணையைக் கடித்துக்கொண்டு.

எங்கு போனாலும் இரண்டு கட்டில் கேட்போம்.
காலையில், படுக்காத கட்டிலைக் கலைப்பது என் வேலை.
போர்வையை உதறி மூலையில் சுருட்டி,
தலையணையில் முழங்கையால் ஒரு பள்ளம்,
பள்ளத்தில், சீப்பிலிருந்து எடுத்த ஒரு முடி.
பதினோரு வருடத்தில்
கை நன்றாகப் பழகிவிட்டது.

செகாமட்டிலிருந்து இரவுப் பேருந்து.
பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறியதும் மழை.
மோட்டார் சைக்கிள்காரர்கள் பிளாஸ்டிக் உறைக்குள் உடம்பை நுழைத்தார்கள்.
அவள் கம்பியைப் பிடித்திருந்தாள்.
நான் அவள் பையின் வாரைப் பிடித்திருந்தேன்.
வெளியிடங்களில்
எங்கள் கைகோர்ப்பு அவ்வளவுதான்.

கிம்பர்லி தெருப் பக்கம் ஒரு சந்து.
கீழே மோட்டார் உதிரிபாகக் கடை,
மேலே நான்கு அறை. பெயர்ப்பலகை இல்லை.
தோளில் துண்டோடு புவனன் வந்து கதவைத் திறந்தார்.
நான் தயாராக இருந்தேன். இம்முறை அத்தை மகள்.
அவர் இரண்டு அடையாள அட்டையையும் வாங்கினார்,
நோட்டில் பெயர் எழுதினார்,
நிமிர்ந்து கேட்டார்:
"பசியாறிட்டீங்களா?"

வேறு எதுவும் கேட்கவில்லை.
இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டவளாக
அத்தை மகள் என் தொண்டையிலேயே நின்றாள்.
அறையில் ஒரே கட்டில்.
இன்னொன்று இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன்.
சுகுணா இடுப்பில் கிள்ளினாள்.

சனிக்கிழமை சாயங்காலம்
மாடிப்படி எங்கும் செருப்பு.
பதினேழு ஜோடி வரை எண்ணினேன்.
அதில் ஒன்று, படகு நீளத்துக்குச் சிவப்புக் குதிகால் செருப்பு,
பிரமிளாவுடையது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
வாரம் ஆறு நாள் பூதக்கண்ணாடி வழியே சிப்பு பார்ப்பவள்.
கிம் செங் சன்னல் திரைகளை இழுத்துவிட்டார்,
கைப்பேசிகளைப் பிஸ்கட் டின்னில் வாங்கி வைத்தார்,
பிறகு புவனனின் கழுத்து வியர்வையை
எல்லார் முன்னாலும் துடைத்துவிட்டார்.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
நான்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த இரண்டு பையன்கள்
இங்கே சட்டம் எப்படி என்று கேட்டார்கள்.
புவனன் கரண்டியால் திரையைக் காட்டினார்.
"அங்கே சட்டம் மாறிடுச்சு," என்றான் ஒருவன்,
"எங்க வீடுதான் இன்னும்..."
பிரமிளா அவன் தட்டில்
இன்னொரு முட்டையைப் போட்டாள்.
அப்புறம் சம்பால் போதுமா போதாதா என்று
அரைமணி நேரச் சண்டை,
மூன்று மொழியில்.

நீங்கள் இருவரும் எத்தனை வருடம்? கேட்டது யாரென்று நினைவில்லை.
பதினொன்று, என்றேன்.
அந்த எண்ணை அதற்குமுன் நான்
வாய்விட்டுச் சொன்னதே இல்லை.
யாரோ முள்கரண்டியால் கண்ணாடிக் குவளையைத் தட்ட,
அறை முழுக்கத் தட்டல்.
சுகுணா குனிந்துகொண்டு
இன்னும் கொஞ்சம் மீ கேட்டாள்.
அவளுக்கு வயிறு நிறைந்திருந்தது, எனக்குத் தெரியும்.

நாளை இரவு பேருந்து.
செகாமட்டில், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு
அவள் என் பின்னறையில் வாடகைக்கு இருப்பவள்.
மாதம் முந்நூறு வெள்ளி என்று ஒரு ரசீதுப் புத்தகமே
போட்டு வைத்திருக்கிறோம்.

காலையில் கீழே கடையின் இரும்புக் கதவு
கடகடவென்று ஏறிய சத்தத்தில் விழித்தேன்.
கை தானாகப் பக்கத்தில் துழாவியது,
கலைக்கவேண்டிய கட்டிலைத் தேடி.
சுவர்தான் இருந்தது. ஒரு பல்லி.
"என்ன தேடுறே?" என்றாள், கண் திறக்காமல்.
ஒன்றுமில்லை என்றேன்.

இருந்த ஒரே கட்டிலை
கலைந்தது கலைந்தபடியே விட்டுவிட்டு
பசியாறப் போனோம்.