ஒன்பதாம் சாவடி

திங்கட்கிழமை, காலை ஒன்பது பத்து.
வாரியத்தில் மூன்று பேர்:
குடியரசுக் கட்சிக்கு மில்ட்ரெட் ஓஸ்பி,
ஜனநாயகக் கட்சிக்குத் தீவனக்கடை ரூபன் ஷ்மிட்கே,
இரண்டு பக்கமும் சாயாமல் நான்,
சம்பளத்துக்கு.

நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளில்
புல் வெளுத்துக் கிடக்கிறது.
ஆளுநர் யாரென்று போன செவ்வாய் இரவே
தொலைக்காட்சி சொல்லிவிட்டது.
அது சேதி.
நாங்கள் கையெழுத்துப் போடும்வரை
முடிவு இல்லை.

நான் வாசிப்பேன். மில்ட்ரெட் டிக் அடிப்பாள்.
ரூபன் இருமுவான்.
ஆளுநர். செனட்டர். தணிக்கையாளர்.
பள்ளிக்கூடப் பத்திரம், தோற்றது, வழக்கம்போல்.
களைக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு
இரண்டு இடம், ஒரே வேட்பாளர்.
மிச்ச இடத்துக்கு யாரோ
தன் குதிரையின் பெயரை எழுதியிருக்கிறார்
ஓர் எழுத்துப் பிழை இல்லாமல்.

பிறகு, கவுண்டி நில அளவையர்.
டால்கிரென்: ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு.
வாவ்ரா: ஆயிரத்து நூற்றுப் பதினாறு.

லாட் வாவ்ரா.
இருபத்திரண்டு வருஷம் இந்தக் கவுண்டியின்
வேலிகளுக்கு நடுவே நின்றவர்.
அண்ணன் தம்பி துப்பாக்கியோடு நின்ற இடத்தில்கூட
சங்கிலியைத் தரையில் போட்டு
அங்குலம் பிசகாமல் அளந்து
இரண்டு பேருக்கும் பிடிக்காதவராகத்
திரும்பி வந்தவர்.

இனிச் சாவடி வாரியாக.
ஒன்று, சரி. இரண்டு, சரி.
எட்டில் ரூபன் இருமவில்லை.
ஒன்பது, லூப் நதிக்கு வடக்கே, அவருடைய சாவடி.
பதிவேட்டில் பதினாலு கையெழுத்து.
பெட்டியில் பதினாலு சீட்டு.
டால்கிரென் பதின்மூன்று.
வாவ்ரா பூஜ்யம்.
வெற்று ஒன்று.

மில்ட்ரெட்டின் பென்சில் நின்றது.
"திரும்ப வாசி."
வாசித்தேன்.
எண்கள் அப்படியே இருந்தன,
எண்களுக்கு வெட்கம் கிடையாது.

பதினாலு கையெழுத்தில்
பதினொன்றாவது லாட், பன்னிரண்டாவது ஆர்டிஸ்.
ஒரே பேனா, ஒரே மை, அடுத்தடுத்த வரி.
வெற்றுச் சீட்டு அவருடையது என்றால்
அவள் டால்கிரெனுக்குப் போட்டிருக்கிறாள்.
அவளுடையது என்றால்
அவரே போட்டிருக்கிறார், எதிராளிக்கு,
தனக்குத் தானே போட்டுக்கொள்வது
அளவைக்காரனுக்கு அழகில்லை என்று நினைத்து.
வெற்று வேறு யாருடையதோ என்றால்,
இருவருமே.

கணக்குப் போடக் கூடாது என்று
எந்தச் சட்டத்திலும் இல்லை. போட்டேன்.
இரண்டு பேரும் அவருக்கே போட்டிருந்தால்
டால்கிரெனுக்கு ஒன்று குறையும்,
இவருக்கு இரண்டு கூடும்,
ஒரே வாக்கில் ஜெயித்திருப்பார்.
வெற்று இவர்களுடையதில்லை என்றால் இன்னும் ஒன்று கூட.
தாளை மடித்துக் கால்சட்டைப் பையில் வைத்தேன்.
இப்போதும் அங்கேதான் இருக்கிறது,
துவைத்து, காய்ந்து, உருண்டையாக.

பதினொரு மணிக்கு வந்தார்கள்.
இவ்வளவு நெருக்கமென்றால்
மறு எண்ணிக்கை தானாகவே வரும், என்றேன்.
வேண்டாமென்றால் எழுதித் தரவேண்டும்.

அவர் சுவரில் ஒட்டிய தாளை
வரைபடம் பார்ப்பதுபோல் பார்த்தார்:
மூலையிலிருந்து, விரலால், அவசரமின்றி.
விரல் ஒன்பதில் வந்து நின்றது.
ஆர்டிஸ் விதைக் கம்பெனிக் காலண்டரில்
டிசம்பர் மாதத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேனா இருக்கா?" என்றார்,
என்னைப் பார்த்து இல்லை.
அவள் கைப்பையைத் திறந்து
ஒன்றை எடுத்து, அழுத்திப் பார்த்து, கொடுத்தாள்.
மறு எண்ணிக்கை வேண்டாம் என்று
கையெழுத்துப் போட்டார்.
"தேதி," என்றாள் அவள்.
போட்டார்.

மாநிலம் அச்சிடும் தடித்த புத்தகத்தில்
நில அளவையர் பதவிக்கு இடம் கிடையாது.
எங்கள் கோப்பில் மட்டும், பக்கம் நாற்பத்தொன்று.

வரும்போது வண்டியை அவர் ஓட்டி வந்தார்.
போகும்போது ஆர்டிஸ் ஓட்டினாள்.
அதற்கு முன் ரொம்ப நேரம்
வண்டி கிளம்பாமலே நின்றது,
கண்ணாடியில் உள்ளிருந்து
ஆவி படிந்துகொண்டு.