இரண்டு சாண், நாலு விரல்

வாளையாறு சோதனைச் சாவடி தாண்டி
நானூறு அடியில் நின்றுவிட்டது.
ராத்திரி ஒன்றே முக்கால்.
கணவாய்க் காற்றில் என் மீட்பு வண்டியின்
சங்கிலிகூட ஒருக்களித்துத் தொங்கியது.

சாம்பல் நிறம். இத்தாலி.
அறுபத்தேழாம் வருசத்து உடம்பு.
ஓட்டி வந்தவர் ஒல்லூர்ப் பல் டாக்டர்,
எலிசபத் தரகன்.
"சேட்டா, பம்பர் மாத்திரம் தொடண்ட."

மூக்கு அவ்வளவு நீளம்.
பாரமெல்லாம் அங்கேதான் என்று கணக்குப் போட்டு
வின்ச்சை இழுத்தேன்.
பாதி ஏறியதும் நடுவில் நின்றது,
இந்தப் பக்கமும் சாயாமல் அந்தப் பக்கமும் சாயாமல்,
நகைக்கடைத் தராசு.

"எஞ்சின் முன் சக்கரத்துக்குப் பின்னாலே.
மூக்குக்குள்ளே பாதி காத்து."
சிரித்தார்.
ஊரார் பல்லையெல்லாம் நேராக்குகிறவருக்கு
சொந்தப் பல் வரிசை தப்பியிருந்தது.

நான் பட்டை கட்டக் கட்ட
சொல்லிக்கொண்டே சுற்றி வந்தார்:
விளக்குக் குழி பெரியப்பன் சாடை,
டூரினில் ஒரு பந்தயக் காருக்குத் தட்டியது.
கூரைச் சரிவு அத்தை வழி.
வால் மட்டும் எந்த வீட்டுப் பிள்ளையும் இல்லை.
வரைந்துகொண்டிருந்தவன் சண்டை போட்டுப் போய்விட,
அடுத்து வந்தவன் கோட்டை முடிக்கத் தெரியாமல்
வாழைத்தண்டை நறுக்குகிற மாதிரி நறுக்கிவிட்டான்.
பிறகு எல்லாப் பங்காளி வீட்டிலும்
அதே நறுக்கு.

முன் சக்கரத்துக்கும் கதவுக்கும் நடுவே
குனிந்து சாண் வைத்தார்.
இரண்டு சாண், நாலு விரல்.
"இதிலே ஒரு சாண் குறைஞ்சா வெறும் கார்.
ஒரு சாண் கூடினா சவ வண்டி."

எட்டிமடை வரைக்கும்
பின் ஜன்னலில் அந்த மூக்கு மட்டும் தெரிந்தது.
உட்காரும் இடம் எங்கோ தள்ளி,
பின் சக்கரத்தில் சாய்ந்து,
விருந்து முடித்தவன் போலக் கிடந்தது.
நாலு நாள் ஓட்டினாலும்
ரோடு அவ்வளவு தூரத்தில்தான் தொடங்கும் அவருக்கு.

கொட்டகையில் இறக்கினேன்.
இரண்டாயிரத்து நானூறு. சில்லறை வேண்டாம் என்றார்.

டீ ஆறுகிற நேரத்தில்
யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும்
என் வண்டியில் கை வைத்து அளந்தேன்.
சாண் விழ இடமில்லை.
கதவுக்கு அடியிலேயே சக்கரம்.

இருபத்திரண்டு வருசமாக
டயர் மேலேயே உட்கார்ந்திருக்கிறேன், மயில்ராசு.
எனக்கும் எதிரே வருவதற்கும் நடுவில்
ஒரு கண்ணாடி,
ஒரு எலுமிச்சம்பழம்.