கேள்வி நாற்பத்தொன்று

மலைமேல் ஆர்க்கிட் தேடிப் போய்
வெறுங்கையோடு இறங்கினோம்.
கார்ப்பதோஸின் மார்ச் மாதக் காற்று
என் தொப்பியையும் எடுத்துக்கொண்டது.

துறைமுகத்தின் பின்னே, குப்பைக் கிடங்கு வேலியோரம்
ஷூ லேஸைக் கட்டக் குனிந்த
பல் மருத்துவர் அர்ஜிரிஸ்
நிமிரவே இல்லை.

"கல்லியோப்பி, இங்கே வா. மெதுவாக.
காலைப் பார்த்து வை."

துருப்பிடித்த ஃப்ரிட்ஜின் நிழலில்
மூன்றே மூன்று.
சுண்டுவிரல் நகமளவு.
காப்பிக் கறை நிறத்தில் உதடு,
அதன்மேல் அவசரக் கிறுக்கலாய்
இரண்டு வெள்ளைக் கோடுகள்.

கையேட்டைப் பிரித்தேன்.
தண்டில் மயிர் உண்டா? உண்டு.
இலை தண்டைத் தழுவுகிறதா? பாதி.
கேள்வி நாற்பத்தொன்று:
உதடு மூன்றாய்ப் பிளந்ததா, முழுதா?
இரண்டும் இல்லை.
அதற்குமேல் புத்தகத்துக்கு வழி தெரியவில்லை.

பத்துக்குக் குறைந்தால் பறிக்கக் கூடாது,
நாங்களே போட்டுக்கொண்ட சட்டம்.
சொத்தைப் பல்லை ஆராய்வதுபோல்
அவர் லென்ஸுக்குள் கிடந்தார்.
நான் கப்பல் டிக்கெட்டின் பின்புறம் வரைந்தேன்,
மூன்றாவது பூவை வரைகையில்
கப்பல் ஊதிவிட்டுப் போனது.

குப்பை லாரிக்காரன் வேலிக்கு அப்பால் நின்று
வெகுநேரம் பார்த்தான்.
"பேர் என்ன?" என்றான்.

அர்ஜிரிஸ், தலை தூக்காமல்,
தன் பேரைச் சொன்னார்.