ஏழாம் எண் அலமாரி

மே மாதம். கல்லூரி மூடியிருக்கிறது.
மலைகள் மூன்றும் அடுப்புக் கல்லாய்க் காய
நடுவே ஏனம்போலக் கொதிக்கிறது வேலூர்.
விலங்கியல் கூடத்தில் மின்விசிறி போடக் கூடாது.
போட்டால் இறகு பறக்கும்,
இத்தனை வருஷம் கழித்தும்.

ஹெப்சிபா மிஸ் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்.
"துளசிங்கம், பழைய வரிசை தப்பாம்.
மூக்கையும் நகத்தையும் பார்த்து வைத்தது அது.
இப்போ உள்ளே படிச்சுட்டாங்க,
ரத்தத்துக்கும் உள்ளே.
யாருக்கு யார் சொந்தம்னு புதுசா வந்திருக்கு.
மாத்தி வையுங்க."

இருபத்திரண்டு வருஷமாக
வைரியும் வல்லூறும் ஒரே கட்டையில்.
அதே கொக்கி மூக்கு, அதே முறைப்பு.
அண்ணன் தம்பி என்றுதான்
என் துடைக்கும் துணியும் நம்பியிருந்தது.
இல்லையாம்.
வல்லூறுக்கு நெருக்கம் கிளியாம்.
சீட்டு எடுக்கிற, மிளகாய் கடிக்கிற
கிளி.

தூக்கினேன். வைக்கோல் கனம்தான்.
கிளித் தட்டில் இறக்கும்போது
பச்சை வால் ஒன்று முறிந்தது.
வல்லூறின் மேல் பழி வராதபடி
பசை வைத்து ஒட்டினேன்.

அடுத்தது முக்குளிப்பான்.
கழிஞ்சூர் ஏரியில் எப்போதோ பிடித்த பழுப்பு உருண்டை.
வாத்துகளோடு வாத்தாக இருந்தது.
அதன் நிஜமான உறவு பூநாரை,
நாலடி உயரம், ரோஜா நிறம் வெளுத்துப்போய்
பெட்டியில் கிடந்த பட்டுச் சட்டைபோல.
வேறு இடமில்லை, முழங்காலடியில் வைத்தேன்.
காட்பாடி ஜங்ஷனில்
முன்பின் பார்க்காத மாமனைக் கூட்டிப் போக
வந்த பிள்ளை மாதிரி நிற்கிறது.

செம்போத்து குயிலோடு என்கிறது தாள்.
அது முன்பே அங்கேதான்.
அடுத்தவர் கூட்டில் முட்டையிடும் வீட்டில் பிறந்து
தன் கூட்டைத் தானே கட்டுவது.
அதை நகர்த்தவில்லை. தூசு மட்டும் தட்டினேன்.

உழவாரனில்தான் தகராறு.
அதற்கும் தகைவிலானுக்கும் ஒரே பிறைச் சிறகு,
ஒரே கொசு, ஒரே சாயங்காலம்.
சொந்தம் கிடையாது.
உழவாரனின் பங்காளி கடலுக்கு அந்தப் பக்கமாம்,
பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்று
தேன் குடிக்கிற கட்டைவிரல் பறவை.
நம் அலமாரியில் இல்லை. நம் தேசத்திலேயே இல்லை.
ஒரு தட்டைக் காலி செய்து
உழவாரனைத் தனியாக வைத்தேன்,
பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு.

மிச்சம் பெரிய தட்டு.
உலகத்துப் பறவைகளில் பாதிக்கு மேல்
இந்த ஒரே வரிசை.
காக்கை, தேன்சிட்டு, கரிச்சான், மைனா, தூக்கணாங்குருவி,
முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று,
கிளையைப் பிடித்தபடி தூங்கத் தெரிந்தவை.
குடும்பம் குடும்பமாக நெருக்கி வைத்தேன்,
பெரிய ஆஸ்பத்திரி டோக்கன் வரிசையில்
வங்காளத்துக்காரரும் அஸ்ஸாம்காரரும்
குடியாத்தத்துக்காரரும் நிற்பதுபோல.

ஒன்றுக்குச் சீட்டு இல்லை.
தலையைப் பூச்சி தின்றுவிட்டது.
சாம்பல் உடம்பு, இரண்டு கால்.
மிஸ்ஸுக்குப் போன் போட்டேன்.
"விரலை எண்ணுங்க."
மூன்று. ஒன்று.
"உள்ளே வையுங்க."
வேறெதுவும் கேட்கவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்.
இடமாற்றம், மூன்று.
சேதம், கிளி வால் ஒன்று. சரிசெய்யப்பட்டது.
காரணம் என்ற கட்டத்தில் 'சொந்தம்' என்று எழுதி
அடித்துவிட்டு
'மறுவகைப்பாடு' என்று எழுதினேன்.

பூட்டும்போதுதான் பார்த்தேன்.
வல்லூறின் கழுத்துக்குள் இரும்புக் கம்பி,
திருப்பினால் ஒடியும்.
கண்ணாடிக் கண் இன்னும்
வைரி இருக்கிற பக்கமே பார்க்கிறது.

கோட்டை அகழி ஓரமாகச் சைக்கிளில் வந்தேன்.
தண்ணீருக்கு மேல் உழவாரனும் தகைவிலானும்
ஒரே கொசுக் கூட்டத்தைக்
குறுக்கும் நெடுக்குமாய்த் தைத்துக்கொண்டிருந்தன.
இறங்கி நின்று பார்த்தேன்.
எது எது என்று பிரிக்க
கொஞ்ச நேரம் பிடித்தது.