தொட்டியில் அல்ஃபோன்ஸ்

ஓஸ்திராவா நகரத்தில், நான்காவது மாடி வீடொன்றில்
திங்கட்கிழமையிலிருந்து யாரும் குளிக்கவில்லை.

தொட்டியில் கெண்டை இருக்கிறது.
பெண்ணின் கண்ணுக்கு நம்மவர்கள் உவமை சொன்னார்களே,
அந்தக் கெண்டை இல்லை இது.
மூன்றரைக் கிலோ. மீசை வேறு.
கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு பொரிப்பதற்காக
சதுக்கத்தில் உயிரோடு வாங்கி வந்தான் பொஹ்தான்.
அன்று மாலையே பிள்ளைகள் அதற்கு
அல்ஃபோன்ஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.
பெயர் வைத்ததை யார் வெட்டுவது
என்பது தனிப் பேச்சு.

ராடோஸ்லாவா மருந்துக்கடையில் நிற்கிறவள்.
டிசம்பர் இருபத்திரண்டு, நாள் முழுக்க
நெஞ்செரிச்சலுக்கு, தலைவலிக்கு, தூக்கத்துக்கு
எடுத்து எடுத்துக் கொடுத்தாள்.
ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு வாக்கியம் இலவசம்:
"கொஞ்சம் ஓய்வெடுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்."
வாய் சொன்னது.
கால் கேட்டுக்கொண்டு நின்றது.

வீட்டில், குளிர்பெட்டிக் கதவில் பட்டியல்.
ஏழு வகைப் பிஸ்கட்; நான்குதான் ஆகியிருக்கிறது.
உருளைக்கிழங்கு சாலட், பத்துப் பேருக்கு.
திரைச்சீலை துவைக்கணும்.
ப்ர்னோவிலிருந்து கொழுந்தன் குடும்பம், படுக்கை விரிப்பு போதாது.
மாமியாருக்குக் கையுறை. இல்லை, போன வருடமும் கையுறை.
எல்லாவற்றுக்கும் அடியில் இளையவள் பென்சிலால்:
அல்ஃபோன்ஸுக்கு ரொட்டி.
அவரவர்க்கு ஒரு வரி இருந்தது.
மீனுக்கும் ஒரு வரி இருந்தது.

இரவு பத்தரை. நகத்திடுக்கில் மாவு காய்ந்திருக்க
குளியலறை விளக்கைப் போட்டாள்.
அல்ஃபோன்ஸ் அசையாமல் நின்றது,
வாடகை கட்டிவிட்டவர் போல.

"நகரு" என்றாள்.

தரை துடைக்கும் வாளியில் பச்சைத் தண்ணீர் பிடித்து
பழைய துண்டால் அதை அள்ளினாள்.
ஒரு துள்ளு.
கண்ணாடி, பல்துலக்கிகள், அவள் முகம், எல்லாம் ஈரம்.
இரண்டாம் துள்ளில் சிரிப்பு வந்தது,
மூன்றாவதில் அழுகை.
இரண்டையும் பிரித்துப் பார்க்க நேரமில்லை.

தொட்டியைத் தேய்த்தாள். வெந்நீரைத் திறந்தாள்.
தாழ்ப்பாளைப் போட்டாள்;
அந்த வீட்டுத் தாழ்ப்பாள் வேலை செய்கிறதென்று
பதினோரு வருடத்தில் அன்றுதான் தெரிந்தது.

முழங்கால், இடுப்பு, தோள்.
பிறகு காதும் அமிழ.

கதவைத் தட்டினார்கள். நீருக்குள் அது
எங்கேயோ யாரோ மாவு பிசைகிற சத்தம்.
"ஐசிங் சர்க்கரை எங்க?"
"அம்மா, அல்ஃபோன்ஸ் தூங்கிட்டானா?"
"ஃபோன்ல எங்கம்மா. எத்தனை மணிக்கு வரலாம்னு கேக்கறாங்க."
நனைந்த தபாலில் மை கலைவதுபோல்
வார்த்தை கழன்று முணுமுணுப்பு மட்டும் வந்து சேர்ந்தது.

மூன்று நாளாய் இந்த வீடு
அந்த மீனுக்கு இப்படித்தான் கேட்டிருக்கும்.
பரவாயில்லை,
அவ்வளவு மோசமான வீடு இல்லை.

வாளியைப் பார்த்தாள். வாளியிலிருந்து அது பார்த்தது.
இருபத்துநான்காம் தேதி சாகப் போவது
அது மட்டும்தான் என்பதை
எப்படியோ மறந்துபோயிருந்தாள்.

நீர் ஆறும்வரை கிடந்தாள்.
ஆறிய பின்னும் கொஞ்சம்.

எழுந்து, தொட்டியைக் கழுவி, குளிர்நீர் நிரப்பி
விருந்தாளியைத் திரும்ப விட்டாள்.
ஈரக் கையோடே போய்ப் பட்டியலில்
மூன்று பிஸ்கட்டை அடித்தாள். திரைச்சீலையை அடித்தாள்.
மை கரைந்து கையுறைப் பக்கமும் ஒழுகியது.
துடைக்கவில்லை.

மாமியார் எண்ணுவாள். "நான்குதானா?" என்பாள்.
"நான்குதான்."
இருட்டுச் சமையலறையில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.
குரல் வந்தது.

செதில் ஒன்றைப் பணப்பையில் வைத்தால்
வருடம் முழுக்கக் காசு தங்கும் என்பார்கள் அங்கே.
படுக்கும்போது பொஹ்தான் பார்த்தான்:
அவள் தோளில் ஒன்று, சில்லறை போல் ஒட்டியிருந்தது.
"எடுத்துப் பையில வை."
"அங்கேயே கிடக்கட்டும்" என்று
போர்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்,
அவனுக்குப் பாதி கூட மிச்சம் வைக்காமல்.