பதினான்காம் புட்டி

வெளியே அக்னி நட்சத்திரம்.
பள்ளிக்கரணையில் இந்த ஓர் அறைக்குள் மட்டும்
எப்போதும் இருபத்துமூன்று டிகிரி.
அரை கூடினாலும் கருவி ஒப்புக்கொள்ளாது.
கதவைத் திறந்துபோட்டுப் போகிறவர்களை
வாய்க்கு வந்தபடி திட்ட எனக்கு அனுமதி உண்டு.

மரப்பெட்டியில் இருபத்துநாலு புட்டிகள்.
தெற்கே அறுபத்தாறாவது பாகையில் நிரப்பி,
கேப்டவுன் வழியே வந்து,
சுங்கத்தில் பதினொரு நாள் கிடந்து –
கடல்தண்ணியா மேடம், இதுக்கு என்ன வெல போடுறது –
நேற்றுதான் லோடு ஆட்டோவில் இறங்கின.

குறிப்புத்தாளில் தேசிங்கின் கையெழுத்து.
ஊரூர்க் குப்பத்துப் பையன், வின்ச் இயக்கப் போனவன்.
கப்பல் சாய்ந்த பக்கமெல்லாம் எழுத்தும் சாய்ந்திருக்கிறது.
ஆழம் மூவாயிரத்து எண்ணூறு மீட்டர்.
வெப்பம், பூஜ்யத்துக்குக் கீழே அரை.
நீரோட்டக் கட்டத்தில் எண்ணை எழுதிவிட்டு
ஓரத்தில் பென்சிலால்:
"தெண்டியும் இல்ல, வன்னியும் இல்ல.
நேரா கெழக்க போவுது, நிக்கவே மாட்டேங்குது.
இதுக்கு நம்மகிட்ட பேரில்லக்கா."

மூன்று முறை அலசு. நான்காவதை அள.
முப்பத்துநாலு புள்ளி ஆறு ஆறு.
அடுத்ததும் ஆறு ஆறு. அதற்கடுத்தது ஆறு ஏழு.
என் வீட்டு போர் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது,
அந்த உப்பை யாரும் இரண்டாம் தசமம்வரை கேட்டதில்லை.
இங்கே கடைசி இலக்கம் பிசகினால்
ஒரு கடலே மாறிவிட்டதென்று
யாராவது கட்டுரை எழுதிவிடுவார்கள்.

பதினான்கு: ஏழு ஒன்பது.
மறுபடி அலசினேன். ஏழு ஒன்பது.
மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால்
மரைக்குள் வெள்ளையாய், மயிரிழை அளவுக்கு
உப்புப் பூத்திருக்கிறது.
இறுக மூடவில்லை.
வழியெல்லாம் தண்ணீர் போய்க்கொண்டிருந்திருக்கிறது,
உப்பு மட்டும் தங்கிவிட்டது.

தாளில் நேரம் பார்த்தேன். விடிகாலை மூன்று பத்து.
ஜனவரியில் அங்கே இருட்டுவதே இல்லையாம்.
கையுறையோடு சின்ன மூடி திருக வராது,
கழற்றினால் விரல் மரத்துப்போகும்.
கழற்றித்தான் திருகியிருக்கிறான்.

எண்ணைத் திருத்த முடியாது, மறைக்கவும் கூடாது.
பக்கத்தில் "ஐயம்" என்று எழுதினேன்.
அதற்கென்று ஒரு குறியீடு இருக்கிறது: மூன்று.

மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றினேன்.
வெயிலைப் பார்த்து எத்தனை நூறு வருஷமோ ஆன தண்ணீர்.
இனி குப்பைமேட்டைச் சுற்றிக்கொண்டு
சதுப்பு, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் என்று
எப்படியோ முட்டுக்காடு போய்ச் சேரும்.
அது போகும் வேகத்தை அளக்க ஆளில்லை.

டிசம்பரில் தேசிங்கு மறுபடி போகிறான்.
ஐயத்தைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை.
"மூடியை இன்னும் அரைத் திருகு" என்று மட்டும்
செய்தி அனுப்பினேன்.

பதிலுக்கு வந்தது,
மஞ்சளாய் ஒரு கட்டைவிரல்.