வலது இறக்கை

பாலைமுறிப்புக் குளம் அடிச்சேறு வெடிக்க வற்றிய ஆவணியில்
என் கருவி கத்தத் தொடங்கியது.
மிதிவெடிக்கு ஒரு குரல், வெற்றுக்கோதுக்கு இன்னொன்று.
இது நிறுத்தாமல் ஒரே கத்தல்,
பன்னிரண்டு அடி நீளத்துக்கு.

சிவப்புத் தடி நட்டு, குப்புறப் படுத்து
வண்டலை விரல்விரலாய் வழித்தேன்.
தகரம்.
தகரத்தில் நேர்வரிசையாய் ஆணித்தலைகள்,
ஒன்று கழன்ற ஓட்டைக்குள்
வாய் மூடிய நத்தை.

கிபிரோ, என்று கேட்டான் வசீகரன்.
கிபிரை எனக்குச் சத்தமாய்த்தான் தெரியும்.
அண்ணாந்து பார்க்கிற வேலையெல்லாம்
பங்கருக்குள் கிடந்தவர்களுக்கு வாய்க்கவில்லை.
சத்தத்துக்குள் இப்படி விலா எலும்பு இருக்கும் என்றோ
யாரோ கையால் முறுக்கிய கம்பி இருக்கும் என்றோ
நினைத்ததே இல்லை.

ரத்மலானையிலிருந்து சுனேத்திரா வந்தாள்.
என் வயதிருக்கும். இடுப்பில் அளவுநாடா, தலையில் நனைத்த துவாய்.
நக்கிப் பார்க்காத குறையாய்ப் பார்த்துவிட்டு
உடைந்த தமிழில் சொன்னாள்:
இது உங்கட சண்டை இல்லை, எங்கட சண்டையும் இல்லை.
வெள்ளைக்காரன்ட. நாற்பத்திமூன்று.
எஞ்சின் நிண்டு தண்ணிக்குள்ள இறக்கியிருக்கிறான்.
ஓட்டினவன்?
நனைஞ்ச சப்பாத்தோட மாங்குளத்துக்கு நடந்து போனானாம்.

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.
வானத்தால் வந்த ஒன்று
ஒருவரையும் கொல்லாமல் இங்கே விழுந்திருக்கிறது.

சங்கத்தின் பழைய நெற்களஞ்சியத்தில் வேலை.
ஒவ்வோர் ஆணிக்கும் இருவர் வேண்டும்:
தகட்டுக்கு வெளியே அவள் சுத்தியலோடு,
உள்ளே நான் இரும்புக்கட்டி பிடித்தபடி.
முதல் அடிக்குக் கட்டியைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்தினேன்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
அதன்பிறகு அடிக்கும் முன்
நகத்தால் மூன்றுதரம் தகட்டைத் தட்டுவாள்.
இரண்டாயிரத்துச் சொச்சம் ஆணி, ஒருநாளும் மறக்கவில்லை.
விமானப்படையில் இருந்த தகப்பனைப் பற்றி
நானும் கேட்கவில்லை.

இல்லாத தகடுகளைத் தேடி வீடுவீடாய்ப் போனோம்.
ஒன்று கோழிக்கூட்டுக் கதவு.
ஐயனார் விளக்குக்குக் காற்றுமறைப்பு இன்னொன்று,
கரியைச் சுரண்ட உள்ளே பச்சைப் பூச்சு.
பன்றிப் பொறியிலிருந்து ஒன்று; அதற்குக் காசு கேட்டார்கள், கொடுத்தோம்.
சந்தித் தேத்தண்ணிக் கடையில் திலகேஸ்வரி
சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினாள்.
தொண்ணூற்றேழில, குளத்துக்குள்ள ஆரோ வெட்டியெடுத்த தகட்டில
அடிச்சுத் தந்தவை.
முழங்காலுக்குக் கீழே அலுமினியம்.
கெண்டைக்காலில் அடைத்த ஓட்டைகள் ஆறு,
ஒன்றேகால் அங்குல இடைவெளியில்.
சுனேத்திரா முழந்தாளிட்டு அளந்தாள். திரும்பவும் அளந்தாள்.
எண்ணி முடிஞ்சால் எழும்பிக் குடியுங்கோ, என்றாள் திலகேஸ்வரி,
தேத்தண்ணி ஆறுது.

பதிவேட்டில் அந்தத் தகட்டுக்கு நேரே
'பாவனையில் உள்ளது' என்று எழுதினாள்.

தையில் லொறி வந்தது.
பன்னிரண்டு பேர் இறக்கையைத் தோளுக்கு உயர்த்திக்
களஞ்சிய வாசலைத் தாண்டினோம்.
வயல்பக்கமிருந்து வாடை எழும்பி வந்து
அதன் வளைந்த முன்விளிம்பில் மோதியது.
பாரம் குறைந்தது. எண்பது வருடத்துக்குப் பிறகு
அது தன் வேலையைச் செய்தது:
எங்கள் கைகளை விட்டு ஒரு சாண் எழும்பியது.

பதினொரு பேரும் நிலத்தில் விழுந்து படுத்தோம்.
முகம் மண்ணில், கை பிடரியில்.
சுனேத்திரா மட்டும் நுனியைப் பிடித்தபடி நின்றாள்,
என்ன நடந்ததென்று விளங்காமல்,
பிறகு விளங்கி.

மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினோம். வசீகரன் சிரித்தான்.
கொஞ்ச நேரம் அவன் மட்டும்தான் சிரித்தான்.

முன்விளிம்பில் கையளவு நெளிவு.
அவள் அதைத் தட்டி எடுக்கவில்லை.
கடைசிப் பக்கத்தில் திகதி போட்டு எழுதினாள்:
மாங்குளம். காற்று.